துரைக்கும் பொம்மிக்கும் நடுவில்

மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து ஒடுங்கிப் போகும் ஒரு சந்தில், மாடி வீட்டில் நாங்களும் கீழ்வீட்டில் தனியாக ஒரு அம்மாளும் குடியிருந்தோம். நாங்கள் குடிபோன நாளிலிருந்து அவர் வீட்டு வாசல் கதவு பகலில் மூடி நான் பார்த்ததே இல்லை. காலையில் பால் பாக்கெட் எடுக்கத் திறந்தால், படுக்கப் போகும்போதுதான் சாத்துவார். நடுவில் கடைக்குப் போனாலும் சரி, குளிக்கப் போனாலும் சரி, அது பாட்டுக்கு ஆவென்று திறந்து கிடக்கும். சந்து முனையில் வண்டி நிறுத்தியிருக்கும் ஆட்டோக்காரருக்கு இதைப் பார்த்தாலே பொறுக்காது.

“இன்னா மேடம், வூட்ட இப்டி தொறந்து போட்டுக்கினு போறீங்கோ? எவனாவது பூந்துட்டான்னா?”

“பூந்தா ஒரு டம்ளர் மோர் குடிச்சுட்டுப் போகட்டும். ஃப்ரிட்ஜுலதான் இருக்கு.”

தி. நகரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, “நேரம் எங்க இருந்துச்சு? நூறு பொண்ணுங்களுக்குத் தலைவலி மாத்திரை குடுக்கவே சரியாப் போச்சு” என்பார். அவருக்குப் பெயர் இருந்தது, கடிதாசுக்கு மட்டும். சந்து முழுக்க அவர் வார்டன்தான். தோளில் பை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ, புடவையை இழுத்துச் செருகிய வேகம், ஒலிபெருக்கி தேவைப்படாத தொண்டை. என் கணவர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், “இவங்ககிட்ட மாட்டின பொண்ணுங்க பாவம்” என்று முணுமுணுப்பார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்து போடுகிற இதே மனுஷி, மூட வேண்டியது சரியாக மூடாமல் இருந்தால் ஆடித் தீர்த்துவிடுவார். சொட்டுகிற குழாய், பாதி சாத்திய ஜன்னல், கொக்கி மாட்டாத கேட், எதுவும் அவர் கண்ணில் தப்பாது. “திறந்திருக்கா, திறந்திருக்கட்டும். மூடணுமா, ஒழுங்கா மூடு. இந்த ரெண்டுங்கெட்டான் சமாச்சாரம்தான் எனக்கு ஆகாது” என்பார். யாராவது “மூடிட்டேன்” என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி பாயும்.

“பார்த்தியா, நினைச்சியா?”

இந்தக் கேள்வியில் மாட்டாத ஆள் எங்கள் சந்தில் கிடையாது. ஒருமுறை என் மாமியாரும் அவரும் நானும் ஆட்டோவில் வடபழனி கோயிலுக்குக் கிளம்பினோம். பாதி தூரம் போயிருப்போம். திடீரென்று என் மாமியார் பக்கம் திரும்பி, “மாமி, கேஸை அணைச்சீங்களா?” என்றார்.

“அணைச்சுட்டேனே.”

“பார்த்தீங்களா, நினைச்சீங்களா?”

மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. அவ்வளவுதான், ஆட்டோ திரும்பியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கேஸ் அணைந்துதான் இருந்தது. மாமியார் வெற்றிப் பார்வையோடு இடுப்பில் கை வைத்து நின்றார். வார்டனுக்கு அசடு வழியவே தெரியாது. “பார்த்தாச்சு இல்ல? இப்போ நிம்மதியா முருகனைப் பார்க்கலாம், ஏறுங்க” என்று மறுபடியும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

அவரிடம் துரை என்று ஒரு நாய் இருந்தான். வெண்ணெய் நிறத்தில் முழு லாப்ரடார். வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுவிட்டுப் போனது. தின்பதும் தூங்குவதும் வாசலில் நிற்கிறவர்கள் மேல் சாய்ந்துகொள்வதும்தான் அவன் வேலை. அந்தத் திறந்த கதவுக்கு அவன்தான் காவல் என்று வெளியார் நினைத்துக்கொள்வார்கள். திருடன் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு முனை வரைக்கும் வழியனுப்பக்கூடிய ஆசாமி!

மாசியில் திடீரென்று பெய்த ஒரு மழையில் ஆட்டோக்காரர் தன் வண்டிக்கு அடியில் ஒண்டிக் கிடந்த ஒரு பெண் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். கறுப்பும் வெள்ளையுமாக, எலும்பும் தோலுமாக, காது நிறைய உண்ணியோடு, ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. குட்டி என்றுதான் நினைத்தோம். பல்லைப் பார்த்தால் ஒரு வயசு இருக்கும் என்று தெரிந்தது. நாங்கள் எல்லாரும் ஐயோ பாவம் பாடிக்கொண்டு பால் ஊற்ற ஓடினோம். வார்டன் மட்டும் அசையவில்லை. அதைப் பார்த்தார், மூலையில் வாலாட்டிக்கொண்டிருந்த துரையைப் பார்த்தார், போனை எடுத்தார்.

“ஏண்டி, நான்தான். வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்திருக்கா. துரைக்கும் அவளுக்கும் சேர்த்து குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒரு நாள் சொல்லு.”

எதிர்முனையில் இருந்தவர் அடையாறில் மருத்துவமனை வைத்திருந்த கால்நடை டாக்டர். வார்டனின் விடுதியில் தங்கிப் படித்த பெண். அதனால்தான் அந்த ஏண்டி.

ஆனால் நினைத்த மாதிரி நடக்கவில்லை. பொம்மிக்கு, அப்படித்தான் பெயர் வைத்தோம், உண்ணிக் காய்ச்சல். ரத்தம் உறைவதற்கான அணுக்கள் மிகவும் குறைந்துபோயிருந்தன. இந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, உடம்பு தேறட்டும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். துரைக்கு மட்டும் ஆபரேஷன் நடந்தது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையத்தோடு வீடு திரும்பினான். அதைச் சுவரிலெல்லாம் இடித்துக்கொண்டு அவன் நடந்த அழகைப் பார்க்க மாடியிலிருந்து நாங்கள் வேலை மெனக்கெட்டு இறங்கி வருவோம்.

தையல்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் பொம்மிக்கு ஹீட், அதாவது இணை சேரும் பருவம், வந்துவிட்டது!

வார்டன் அன்று டாக்டரிடம் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“மேடம், இப்போ இது சினையானா தாங்காது. இடுப்பு இத்துனூண்டு. துரையோட குட்டின்னா தலையே வெளியில வராது. இருக்கிற ரத்தத்துல வயித்தைக் கிழிச்சு எடுக்கவும் முடியாது. பொம்மியே போயிடுவா. மூணு வாரம் எப்படியாவது பிரிச்சு வைங்க.”

“துரைக்குத்தான் ஆபரேஷன் முடிஞ்சுடுச்சே?” என்று நான் குறுக்கே கேட்டேன்.

“மோட்டாரை நிறுத்தினாலும் பைப்புல நின்ன தண்ணி கொஞ்ச நேரம் வரும் இல்லையா? அந்த மாதிரிதான். ஒன்றரை மாசத்துக்கு அவனை நம்பக் கூடாது.”

போனை வைத்ததும் வார்டன் நேராக வாசலுக்குப் போனார். வருஷக்கணக்காகத் திறந்து கிடந்த அந்தக் கதவைப் படாரென்று மூடித் தாழ் போட்டார். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

துரை கீழே, பொம்மி எங்கள் வீட்டில் மாடியில் என்று ஏற்பாடு ஆயிற்று. நாயை வாசற்படி தாண்ட விடாத என் மாமியார் இதற்குச் சம்மதிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவரோ ஒரு பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துப் பின்கட்டுப் பால்கனியில் போட்டு, “பாவம், தூரமானவளுக்கு இடம் இல்லேன்னு சொல்லுவாளா யாராவது? வரட்டும்” என்றார்.

வார்டன் சட்டம் போட்டார். துரைக்கும் பொம்மிக்கும் நடுவில் எந்த நேரமும் மூடிய கதவு இரண்டு இருக்க வேண்டும். ஒரு கதவு மனுஷத் தவறுக்கு, இன்னொரு கதவுதான் உண்மையான கதவு. கீழ்வீட்டுக் கதவைத் திறக்கும் முன் அவர் மாடிப்படியைப் பார்த்து, “திறக்கிறேன்!” என்று கத்துவார். நாங்கள் எங்கள் கதவைக் கண்ணால் பார்த்துவிட்டு, “மூடியிருக்கு!” என்று கத்த வேண்டும். பதில் வராமல் திறக்கக் கூடாது. நாங்கள் திறக்கும்போது அதுவே மறுபக்கமாக.

என்ன கூத்து அது! நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கை அணைக்க மறந்து, முக்கியமான கூட்டத்தின் நடுவில் “மூடியிருக்கு!” என்று முழுத் தொண்டையில் கத்திவிட்டேன். மேலாளர் பாதி வாக்கியத்தில் நின்றுபோனார். என் மாமியாருக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்துப்போயிற்று. “தெறக்கறேஏஏன்” என்று ராகமாக இழுப்பார். கீழே இருந்து வார்டன், “மாமி, ஆலாபனை வேணாம், சீக்கிரம் சொல்லுங்க” என்பார். ரெண்டு நாளில் சந்துக்கே பழகிவிட்டது. ஆட்டோக்காரர் தன் வண்டியின் கதவே இல்லாத பக்கத்தைத் தட்டி, “மூடிகீது மேடம், ஏறுங்கோ!” என்று சவாரிகளைக் கலாய்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கு வெளியே வேறு ஒரு மாநாடு கூடியது. எங்கெங்கிருந்தோ வந்த ஆண் நாய்கள் வரிசையாக உட்கார்ந்து எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஆட்டோக்காரர் அவற்றைத் தரம் பிரித்துச் சொன்னார்.

“காது நுனி வெட்டினதுங்கல்லாம் கார்ப்பரேஷன் ஆபரேஷன் பண்ணி வுட்டது மேடம். அதுங்க சொம்மா வேடிக்கை பாக்க வந்துகீது. அதோ, அந்தச் செவலை இருக்கான் பாருங்கோ, அவன் ஒருத்தன்தான் டேஞ்சர்.”

பொம்மியை நடத்திக் கூட்டிப்போனால் வழியெல்லாம் வாசனை விழும் என்று வார்டன் அவளைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார். வேலை முடிந்ததும் அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் கொட்டிக் கழுவுவார். யாரோ சொன்னார்கள் என்று பொம்மியின் வாலில் தலைவலித் தைலம் தடவிப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் துரை நாலு தும்மல் தும்மிவிட்டு, முன்னைவிட உற்சாகமாகப் பிறாண்ட ஆரம்பித்தான். “என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்” என்று தைலத்தைத் தூக்கிப் போட்டார்.

துரை அந்த நாட்களில் சோறு தின்னவில்லை. கதவோடு ஒட்டிப் படுத்து, அடிவயிற்றிலிருந்து ஊளையிடுவான். நான் போனபோது ஒருநாள் வார்டன் தரையில் அவனோடு உட்கார்ந்து, அந்தப் பிளாஸ்டிக் வளையத்துக்குள் கையை விட்டுத் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

“டேய், உன்மேல கோபம் இல்லடா எனக்கு. உனக்குச் சொன்னா புரியாது. அதனாலதான் கதவு. புரியுற ஜென்மத்துக்கு எதுக்குடா கதவு?”

அதைக் கேட்டுவிட்டு நான் சிரித்தேன். அப்போது எனக்கும் புரியவில்லை.

இந்த அமளிக்கு நடுவில் பங்குனி உற்சவம் வந்தது. அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் யார் வீட்டுக் கதவையும் மூடி வைக்க முடியாது. ஊரே தெருவில் இருக்கும். வருகிறவர்களுக்கு மோரும் பானகமும் கொடுக்காத வாசல் இருக்காது. வார்டன் வருஷா வருஷம் அண்டாவில் மோர் கரைப்பவர். இந்த வருஷம் விடலாமே என்றேன். “ஏன் விடணும்? துரையை உள் ரூம்ல போட்டுத் தாழ் போடறேன். அது ஒரு கதவு. உங்க கதவு ஒண்ணு. கணக்கு சரியாப் போச்சு” என்றார். தாழ்ப்பாளை இழுத்தும் பார்த்தார். கேட்டருகே பெஞ்சு போட்டு அண்டாவை வைத்து, நானும் அவரும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தோம். செவலையை விரட்டும் பொறுப்பு ஆட்டோக்காரருக்கு. நாதஸ்வரமும் தவிலும் காதைப் பிளந்தன. பல்லக்குகள் வீதியில் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

திரும்பிப் பார்த்தேன். மாடிப்படியின் கடைசி வளைவில் என் மாமியார் பட்டுப்புடவையில் நின்றிருந்தார். இடுப்பில் பொம்மி! தலை முதல் வால் வரை ஈரம். நெற்றியில் குங்குமம் வேறு.

“அம்மா!” என்று கத்தினேன்.

“பயப்படாதேடி. எல்லாம் நின்னுடுத்து. நேத்தியிலேர்ந்தே ஒண்ணும் இல்ல, வெறும் தண்ணியாட்டம்தான் இருக்கு. தலைக்குக் குளிப்பாட்டி, மஞ்சப்பொடி போட்டு அலம்பிட்டேன். நாளும் கிழமையுமா எத்தனை நாள் ஒதுக்கியே வெக்கறது?” என்று சொல்லிக்கொண்டே பொம்மியைப் படியில் இறக்கிவிட்டார். “பாரேன், வாலை எப்படி ஒரு பக்கமா ஒதுக்கிண்டு சமர்த்தா நிக்கறது!”

ரத்தம் நின்று நிறம் வெளுத்தால்தான் உண்மையான ஆபத்து, வாலை ஒதுக்கினால் தயார் என்று அர்த்தம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எங்களிடம் சொன்னார். மாமியாரிடம் யாரும் சொல்லவில்லை.

உள்ளே துரைக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ரூம் கதவில் ஒரு மோதல். இன்னொரு மோதல். அது பழைய காலத்து மரக்கதவு. தாழ்ப்பாள் ஆணியோடு பிய்த்துக்கொண்டு கூடத்தில் விழுந்த சத்தம் தவிலையும் மீறிக் கேட்டது. முழு லாப்ரடார் கழுத்து வளையத்தோடு பாய்ந்து வந்தான். வாசலில் நிறுத்தியிருந்த பானகக் குடம் உருண்டது. வளையம் நிலைக்கும் நாற்காலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பின்னங்கால் ரெண்டும் பானகத்தில் வழுக்கின. அந்த ஒரு நொடிதான் எங்களுக்குக் கிடைத்தது.

வார்டன் மோர்க் கரண்டியைக் கையில் வைத்தபடியே ஓடினார். பொம்மியைத் தூக்க நேரமில்லை. துரையைப் பிடிக்கத் தெம்பில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று. அந்தக் குறுகலான மாடிப்படியில், கீழிருந்து ரெண்டாம் படியில், பொம்மிக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார். ரெண்டு கையையும் ரெண்டு பக்கச் சுவரில் ஊன்றிக்கொண்டார். துரை வளையத்தை விடுவித்துக்கொண்டு பாய்ந்தான். புனலின் வாய் அப்படியே அவர் முகத்தின் மேல் கவிழ்ந்தது. அவன் முட்டுகிறான், இவர் நகரவில்லை. பின்னால் பொம்மி அவர் தோள்மேல் ஏறி எட்டிப் பார்க்கிறாள், இவர் முதுகாலேயே அவளைத் தள்ளுகிறார்.

“நான்தான்டா கதவு!” என்று அந்தப் புனலுக்குள்ளிருந்து குரல் வந்தது. “முடிஞ்சா தாண்டு பார்க்கலாம்!”

நான் மாமியாரையும் பொம்மியையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு மேலே ஏறினேன். ஆட்டோக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து துரையின் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். “நைனா, வா நைனா, உனுக்கு நேரம் சரியில்ல” என்று கெஞ்சிக்கொண்டே கீழ்வீட்டுக்குள் இழுத்துப் போனார். நான் எங்கள் கதவைச் சாத்தினேன். கீழே இன்னொரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்போதும் அந்த அம்மாள் விடவில்லை.

“ஏம்மா, மூடியிருக்கா?”

“மூடியிருக்கு!”

“பார்த்தியா, நினைச்சியா?”

“பார்த்துட்டேஏஏன்!” என்று கத்தினேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மோர் குடிக்க வந்த கூட்டம் கேட்டில் நின்று கைதட்டியது.

ஊர்வலம் நகர்ந்த பிறகு வார்டன் மேலே வந்தார். முகத்தில் புனலின் விளிம்பு பதிந்து ஒரு வட்டம். மாமியார் பட்டுப்புடவையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார். பொம்மி அவர் மடியில்.

“நான் என்னத்தைக் கண்டேன்? மூணு நாள் ஆனா, நாலாம் நாள் தலைக்கு விட்டுண்டா, எல்லாம் சரியாயிடும்னுதானே எங்களுக்கெல்லாம்…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு வார்டனைப் பார்க்காமலே சொன்னார். “என்னையும் இப்படித்தான் பின்கட்டுல உக்கார வெப்பா, வார்டன். தட்டைத் தள்ளி விடுவா. யாரும் தொட மாட்டா. நாலாம் நாள் எப்போ விடியும்னு இருக்கும். இது பால்கனியில உக்காந்து கதவையே பாத்துண்டு இருந்துதா, எனக்குத் தாங்கல. என்னை யாராவது ஒரு நாள் முன்னாடியே உள்ளே கூப்பிட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்னு தோணித்து. அதான் கூப்பிட்டேன்.”

இத்தனை வருஷத்தில் எங்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. தப்பு பண்ணினவரைத் திட்டித் தீர்க்க வார்டன் மேலே வந்திருக்கிறார் என்றுதான் நான் பயந்திருந்தேன். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு மாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“உங்க மேல தப்பே இல்ல மாமி. உங்களுக்கு நான் சொல்லியிருக்கணும். இவகிட்ட சொன்னா உங்களுக்கும் தெரியும்னு நினைச்சேன்.” தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டார். “பார்க்கல. நினைச்சேன்.”

அப்புறம் டாக்டருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் டாக்டர் படபடத்தார்.

“சேர்ந்துச்சா மேடம்? ஒரு நிமிஷமாவது? நிஜமா சொல்லுங்க.”

“இல்ல. நடுவுல நான் உக்காந்துட்டேன்.”

“எங்க?”

“படியில. ரெண்டுக்கும் நடுவுல.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “அப்போ கவலையே இல்ல மேடம்! எங்க கேட்டுலயும் நீங்க அப்படித்தானே உக்காந்திருந்தீங்க?”

என்ன கேட் என்று நான் கேட்டேன். வார்டன், “ஏண்டி, வேலையைப் பாரு” என்று போனை அணைக்கப் பார்த்தார். மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டார். டாக்டர் சொன்னார். விடுதியில் ஏழரை மணிக்குக் கேட்டைப் பூட்டச் சொல்லி நிர்வாகம் உத்தரவு போட்டதாம். பெண்கள் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே தெருவில் நின்றார்களாம். ஒரே ஒரு நாள்தான் அது. மறுநாளிலிருந்து வார்டன் பூட்டுப் போடவில்லை. கேட்டுக்கு நடுவில் ஒரு நாற்காலி போட்டு, கடைசிப் பெண் வந்து சேரும்வரை தானே உட்கார்ந்திருந்தாராம்.

“பூட்டு எங்க மேடம்னு நிர்வாகத்துல கேட்டாங்க. நான்தான் பூட்டுன்னு சொன்னாங்க. வெளியாள் ஒருத்தரும் உள்ள வந்ததில்ல. எங்கள்ல ஒருத்தியும் வெளிய நின்னதில்ல. லேட்டா வந்தா ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. சாப்பிட்டியான்னு.”

இவ்வளவையும் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் மெதுவாக எழுந்து உள்ளே போனார். மாட்டின பொண்ணுங்க பாவம் என்று அவர் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

அந்த வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வார்டன் துரையையும் பொம்மியையும் கூட்டிக்கொண்டு கொட்டிவாக்கத்தில் யாரோ ஒரு பழைய விடுதிப் பெண்ணின் வீட்டுக் கீழ்த்தளத்துக்குப் போனார். நாங்கள் ஆதம்பாக்கத்துக்கு வந்துவிட்டோம். அவர் போவதற்கு முன்பே பொம்மிக்கு உடம்பு தேறி ஆபரேஷன் நல்லபடியாக நடந்து முடிந்தது. ஆனால் நான் சொல்ல வேண்டியது அதற்கும் முந்தைய ஒரு காலைப் பொழுதைப் பற்றி.

பொம்மியின் ஹீட் முழுசாக அடங்கி, துரைக்கு டாக்டர் சொன்ன கெடுவும் தாண்டி, அடையாறுக்குப் போய் ரெண்டு பேரையும் காட்டி வந்த மறுநாள். கதவு திறக்கும் நாள் என்று சந்து முழுக்கத் தெரிந்திருந்தது. ஆட்டோக்காரர் காலைச் சவாரியை விட்டுவிட்டு வந்து கேட்டில் சாய்ந்து நின்றார். மாமியார் மாடிப்படியின் உச்சியில் பொம்மியின் பட்டையைப் பிடித்தபடி நின்றார். கையில் தயிர்சாதக் கிண்ணம். கீழே இறங்கும் முன் அவருக்கு ஒரு கடமை இருந்தது.

“வார்டன்! டாக்டர் பார்த்தாளா, நீங்களே நினைச்சுண்டேளா?”

“பார்த்துட்டா மாமி! நானும் பார்த்துட்டேன்!” மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கணீரென்று வந்தது. “திறக்கிறேன்!”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மூடியிருக்கு என்றே பழகிப்போன வாய். நான் திருதிருவென்று விழித்தேன். மாமியார்தான் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

“இங்கயும் தெறந்துதான் இருக்கு!”

கதவு திறந்தது. துரை வெளியே வந்தான். கழுத்தில் வளையம் இல்லாமல் அவனுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை போலிருந்தது. பொம்மி படியிறங்கி வந்தாள். இவன் அவள் காதை ஒருமுறை முகர்ந்து பார்த்தான். அவள் கொட்டாவி விட்டாள். அவ்வளவுதான்! இவன் அவளைத் தாண்டிப் படியேறிப்போய் மாமியார் கையிலிருந்த தயிர்சாதத்தில் மூக்கை நுழைத்தான். அவள் நேராகக் கீழ்வீட்டுக்குள் போய், துரையின் படுக்கையில் ஏறிச் சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டாள்.

ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மாமியார் கிண்ணத்தை உயரத் தூக்கியபடி கீழே பார்த்தார்.

“ஏன் வார்டன், இதுக்கா இத்தனை பாடு பட்டோம்?”

வார்டன் வாசலில் நின்றிருந்தார். விரியத் திறந்த கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க, அதன் அடியில் காலால் ஒரு செங்கலைத் தள்ளினார். சிரிப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“இதுக்குத்தான் மாமி” என்றார்.